ஒலி இல்லாத கூடைக்காரர்

தலைச்சுமைக் கூடைகளைப் பார்த்து வளர்ந்தவள் நான். அதனால்தான் கைப்பேசியில் அந்தச் சின்ன உருவத்தைக் கண்டதும் விரல் நின்றுவிட்டது. தலையில் கூடை சுமக்கும் ஓர் ஆள். பண்டைய எகிப்தின் சித்திர எழுத்துகளில் ஒன்று.

'வேலை', 'சுமை' போன்ற சொற்களின் கடைசியில் இவரை வரைவார்கள். ஆனால் வாசிக்கும்போது இவருக்கு ஒலி கிடையாது. சொல்லின் பொருளை உணர்த்துவதோடு இவர் வேலை முடிந்தது. களப்பணியில் இதே கதையைப் பார்த்திருக்கிறேன்: படிவத்தில் 'தொழில்' என்ற கட்டம் நிரம்பியிருக்கும், அந்த மனிதர் சொன்னது எங்கும் இருக்காது.

2009இல் யூனிகோடு 1,071 எகிப்திய எழுத்துகளுக்கு எண் கொடுத்தது. அரசன் உருவத்துக்கு ஓர் எண் என்றால், கூடைக்காரருக்கும் ஓர் எண். கணினிக்கு இருவரும் சமம். மகிழ்ச்சிதான். ஆனால் எண் கிடைத்ததால் குரல் வந்துவிடாது.

குரலை அந்த நாட்டுத் தொழிலாளர்களே எழுப்பினார்கள். மூன்றாம் ராம்சேஸ் ஆட்சியின் 29ஆம் ஆண்டில், அரச கல்லறைகளைக் குடைந்த தெய்ர் எல்-மெதினா தொழிலாளர்கள், கூலித் தானியம் வராததால் வேலையை நிறுத்திவிட்டுக் கோயில்கள் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். பசியை வாய்விட்டுச் சொன்னார்கள். அதை எழுதிவைத்த பாப்பிரஸ் இன்றும் இத்தாலியின் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கூடைக்காரரைப் பார்த்தவர்கள் அந்தப் பாப்பிரஸையும் தேடிப் படியுங்கள்.