பேறுகாலத்துக்கு ஒரு துணை

சென்ற புதன்கிழமை மாலை அலுவலகம் முடிந்து ஃபீனிக்ஸ் பே படகுத்துறைச் சாலையில் நடந்து வந்துகொண்டிருந்தேன். கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் பணிபுரியும் இளைஞர் ஒருவர் எதிரே வந்து நின்றார். இராமநாதபுரம் மாவட்டத்துக்காரர். முகம் தெரியும், பேசிப் பழக்கமில்லை.

"அக்கா, வீட்டில் அவளுக்கு இது எட்டாம் மாதம். மாமனார் படுத்த படுக்கையாகக் கிடப்பதால் ஊரிலிருந்து மாமியார் வர முடியாது. ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை வந்து அவளிடம் பேசிப் பார்க்கிறீர்களா? அவளுக்கு உங்களைப் பிடித்திருந்தால்..." என்றவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பெண் பார்க்கும் படலம் என்று சொல்லுங்கள் தம்பி" என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

வேடிக்கைக்காகச் சொன்னேனாயினும் அது உண்மையே. நாற்பத்தைந்து வயதைக் கடந்த பின்னர், ஓர் இளம் தம்பதியர் என்னைப் பார்த்து, பேசி, இவளை நம் பிள்ளைப்பேற்றின்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளலாமா என்று முடிவு செய்யப் போகிறார்கள். மலர்க் குழுவினர் இலக்கியக் கட்டுரை கேட்டிருந்தனர். சனிக்கிழமை இரவு எழுத உட்கார்ந்தால், நாளைய சந்திப்பைத் தவிர வேறெதிலும் மனம் செல்லவில்லை. ஆகவே அதையே எழுதுகிறேன்.

மருத்துவச்சியின் வேலை அன்று நான் செய்வது. பிரசவம் பார்க்க எனக்குத் தெரியாது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதும் குற்றம். வலி எடுத்த நேரம்முதல் குழந்தை பிறக்கும்வரை அந்தப் பெண்ணை விட்டு அகலாமல் இருப்பது, இடுப்பைப் பிடித்துவிடுவது, நெற்றியைத் துடைப்பது, ஒரு மடக்குத் தண்ணீர் கொடுப்பது, கைப்பிடிக்குள் கை கொடுப்பது. இவ்வளவே. மேலைநாட்டில் இதற்கு டூலா என்று பெயர். பண்டைய கிரேக்கத்தில் அடிமைப் பெண்ணைக் குறித்த சொல் அது. டானா ரஃபேல் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர் 1973இல் வெளியிட்ட நூலில் அதைத் தாய்க்குத் துணைநிற்கும் பெண்ணுக்கு உரியதாக்கினார். இன்று நம் பெருநகரங்களிலும் கட்டணம் பெற்று இதனைத் தொழிலாகச் செய்யும் பெண்கள் இருக்கிறார்கள்.

தமிழருக்கு இது புதுமையன்று. திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டை இறைவனுக்குத் தாயுமானவர் என்னும் பெயர் வந்த கதை நாம் அனைவரும் அறிந்தது. இரத்தினாவதி என்னும் பெண்ணுக்குப் பேறுகாலம்; அவளுக்குத் துணையாக வரவேண்டிய தாய் காவிரி வெள்ளத்தால் அக்கரையில் நின்றுவிட்டாள்; இறைவனே தாயின் வடிவில் வந்து உடனிருந்தான் என்பது தலபுராணம். சிறுவயதில் இக்கதையைக் கேட்டபோது கடவுளின் பெருமையே என் கண்ணுக்குப் பட்டது. இத்தீவுக்கு வந்த பிறகுதான் அக்கரையில் நின்ற அந்தத் தாயை நினைக்கத் தொடங்கினேன். காவிரியில் வெள்ளம் வடியும். சென்னைக்கும் இங்கும் இடையே ஏறத்தாழ ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் கடல் அல்லவா கிடக்கிறது!

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் வண்டியேறிப் போய்விடலாம் என்பது மதுரையில் வாழ்க்கைப்பட்ட பெண்ணுக்குப் பொருந்தும். இங்கோ, நிறைமாதக்காரியைக் கப்பலில் மூன்று நாள் அனுப்ப யாருக்கும் மனம் வராது. மாதம் முதிர்ந்தால் விமானத்தில் ஏற்றவும் தயங்குவார்கள். தாய் இங்கு வரலாமென்றால் சீட்டு, விடுப்பு, வீட்டுக் கவலை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அவர்களுள் எத்தனையோ பெண்கள் தாய் அருகில் இல்லாமலேயே பெற்றெடுத்திருக்கிறார்கள். நானும் ஒருத்தி.

2006ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். அம்மா சென்னைத் துறைமுகம்வரை வந்துவிட்டார். வங்கக்கடலில் புயல் எச்சரிக்கை; கப்பல் புறப்படவில்லை. மறுநாள் இரவு எனக்கு வலி கண்டது. அடுத்த வீட்டு வங்காளி அம்மையார்தான் உடன் வந்தார். நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து இங்குக் குடியேறிய குடும்பம் அவருடையது. அவருக்குத் தமிழ் தெரியாது. எனக்கு வங்காளி தெரியாது. இருவருக்கும் பொதுவான இந்தியோ, வலி மிகுந்த நேரத்தில் எனக்கு அடியோடு மறந்துபோயிற்று. படிவம் நிரப்பியவர் "உறவு?" என்று கேட்டார். அம்மையார் கொஞ்சமும் தயங்காமல் "மாஸி" என்றார். சின்னம்மா! அரசு அலுவலகத்தில் நாள்தோறும் எத்தனையோ கட்டங்களைச் சரிபார்க்கிறேன். அந்த ஒரு கட்டத்தில் எழுதப்பட்டது பொய் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. விடியும்வரை அவர் என் கையை விடவில்லை. என் நகம் பதிந்த தழும்பைப் பிற்பாடு காட்டிக் காட்டிச் சிரிப்பார். அம்மா வந்து சேர்ந்தபோது குழந்தைக்கு ஐந்து நாள்.

இவ்விடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை 1963இல் செல்லுலார் சிறை வளாகத்திலேயே அமைக்கப்பட்டது. ஒரு கைதி மற்றொரு கைதியின் முகத்தைக் கூடப் பார்க்கக் கூடாது என்று திட்டமிட்டு, ஏறத்தாழ எழுநூறு தனி அறைகளுடன் 1906இல் கட்டி முடிக்கப்பட்ட சிறை அது. தனிமையையே தண்டனையாக்கிய அந்த மண்ணில்தான் இத்தீவின் பிள்ளைகள் பலர் பிறந்திருக்கிறார்கள். பிரசவ அறையில் ஒரு பெண்ணைத் தனியே விடலாகாது என்று யாராவது பேசும்போதெல்லாம் எனக்கு அந்த அறைகளின் நினைவு வரும்.

உடனிருப்பது ஆறுதலுக்கு மட்டுமே என்று நினைப்பாருண்டு. 1980இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஓர் ஆய்வு அக்கருத்தை அசைத்தது. குவாட்டமாலா நாட்டு மருத்துவமனை ஒன்றில் தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்களில் ஒரு பிரிவினருக்குத் துணையாகச் சாதாரணப் பெண் ஒருத்தியை உடன் இருத்தினார்கள். துணை இல்லாதவர்க்கு மருத்துவமனையில் சேர்ந்தது முதல் குழந்தை பிறக்கச் சராசரியாகப் பத்தொன்பது மணி நேரம் ஆயிற்று. துணை இருந்தவர்க்கு ஒன்பது மணிக்கும் குறைவு. துணை பெற்ற தாய்மார் பிள்ளையை அதிகமாகத் தடவிக்கொடுத்தனர், அதனோடு பேசினர், சிரித்தனர் என்றும் கண்டார்கள். பின்னர் பல நாடுகளில் பதினையாயிரம் பெண்களுக்கு மேல் பங்குகொண்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் துணையின் நன்மை உறுதிப்பட்டது. நம் தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 2004இலேயே பேறுகாலத் துணைத் திட்டம் கொண்டுவரப்பட்டது. நடுவணரசு 2016இல் நாடு முழுவதற்கும் நெறிமுறை வகுத்தது. துணையாக வருபவர் பெண் உறவினராக இருத்தல் வேண்டும், தாமும் பிள்ளை பெற்றவராக இருந்தால் நலம், தொற்றுநோய் கூடாது, தூய ஆடை அணிய வேண்டும், முழுநேரமும் உடனிருக்க வேண்டும், மருத்துவப் பணியில் குறுக்கிடலாகாது, வேறு பெண்களைக் கவனிக்கப் போகவும் கூடாது. மறைவுக்கு ஏற்பாடு உள்ள இடத்தில் கணவரையும் அனுமதிக்கலாம் என்கிறது அந்நெறிமுறை. குமாஸ்தாவுக்கு விதி படிப்பதில் தனி இன்பம் உண்டு; பொறுத்தருள்க. ஆனால் 'உறவினர்' என்னும் சொல் எனக்கு இடிக்கிறது. ஆதலின் நாளைய சந்திப்பில் அந்தக் கணவரிடம் சொல்ல வேண்டிய முதல் செய்தி, மருத்துவமனையில் முன்கூட்டியே கேட்டு இசைவு பெறுங்கள் என்பது. வலியோடு வாசலில் நின்றுகொண்டு வழக்காட முடியாது.

இதுவரை ஒன்பது பெண்களுக்கு உடனிருந்திருக்கிறேன். பத்தாவது பெண் ஒருத்தி இருந்தாள். அவளைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை எழுதினால் அது முழு உண்மையாகாது.

அவளுடைய வீட்டுக்கு முதன்முதல் போனபோது நான் எந்த ஆயத்தமும் செய்துகொள்ளவில்லை. போய் உட்கார்ந்ததும் என் கதையைத் தொடங்கிவிட்டேன். புயல், கப்பல், விடிய விடிய வலி, நகத் தழும்பு என்று ஒன்று விடாமல் சொன்னேன். கேட்பவளின் முகம் வெளுத்ததை நான் கவனித்திருக்க வேண்டும். அவளுக்கு என்ன அச்சம், என்ன விருப்பம் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எழுந்திருக்கும்போது, "கவலையை விடு, நான் இருக்கிறேன்" என்று வாக்கும் கொடுத்துவிட்டு வந்தேன். சொல்வதற்கு எவ்வளவு எளிய வாக்கு!

அவளுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே வலி கண்டுவிட்டது. அது மார்ச் மாதம். ஆண்டுக் கணக்கு முடிக்கும் நேரம். நான் அலுவலகப் பணியாகக் கார் நிகோபார் போயிருந்தேன். திரும்பும் கப்பல் ஒரு நாள் தாமதம். நான் இல்லையென்றால் யார் என்று இருவருமே எண்ணிப் பார்த்திருக்கவில்லை. அவள் தனியாகவே பெற்றாள். தாயும் சேயும் நலம், அதில் குறையொன்றுமில்லை. பார்க்கப் போனபோது அவள் என்னைக் கடிந்துகொள்ளவுமில்லை. "கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன் அக்கா" என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பின் இரண்டாண்டுகள் யார் அழைத்தும் நான் போகவில்லை.

ஆகவேதான் இம்முறை இவ்வளவு ஆயத்தம். புதுக் குறிப்பேடு ஒன்று வாங்கியிருக்கிறேன். முதல் பக்கத்தில் எனக்கு நானே எழுதிக்கொண்ட ஆணை: "உன் பிரசவத்தைப் பற்றிப் பேசாதே, கேட்டால் மட்டும் சொல்." அடுத்து, அவளிடம் கேட்க வேண்டியவை. இரவில் தூக்கம் வருகிறதா, எதை நினைத்துப் பயம், வலி வரும்போது தொட்டால் பிடிக்குமா, தொடாமலிருந்தால் பிடிக்குமா? இக்கேள்வியை நான் கற்றுக்கொண்டது ஐந்தாவது பெண்ணிடம். ஆறுதலாகத் தோளைத் தடவிய என் கையை அவள் ஓங்கித் தட்டிவிட்டாள். மருத்துவர் எழுதிக் கொடுத்த தாய்-சேய் அட்டை பத்திரமாக இருக்கிறதா என்பதும் அப்பக்கத்தில் உண்டு. உதிரம் கண்டாலோ, நீர்க்குடம் உடைந்தாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, கண் மங்கித் தலைவலி வந்தாலோ எனக்குச் சொல்லியனுப்பிக் காத்திராமல் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதைக் கணவர் மனைவி இருவருக்கும் அழுத்திச் சொல்ல வேண்டும்.

பிறகு ஒரு பக்கம் முழுக்க இந்திச் சொற்கள். படிப்பவர்கள் நகைக்கக்கூடும். இங்குள்ள பிரசவ அறையில் புழங்கும் மொழி பெரும்பாலும் இந்தியே. அந்தப் பெண்ணோ கீழக்கரைப் பக்கத்திலிருந்து வந்து ஓராண்டுகூட ஆகவில்லை. செவிலியர் 'ஜோர் லகாவோ' என்று சொல்வது முக்கு என்பதற்காக. தெரியாத காதுக்கு அது அதட்டல் போலவே விழும். 'சாஸ் லோ' என்றால் மூச்சை இழு. 'பஸ்' என்றால் போதும், நிறுத்து. 'தர்த்' என்றால் வலி. இப்படிப் பத்துச் சொற்கள். நான் பக்கத்திலிருந்தால் தமிழில் சொல்வேன். இல்லாமற் போனாலும் இந்தப் பத்துச் சொற்கள் அவளோடு இருக்கும்.

கட்டணம் பற்றிய பேச்சும் வரும். "எவ்வளவு தர வேண்டும்?" என்று கேட்க அந்தத் தம்பி புதன்கிழமையே வாயெடுத்தார். 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 15ஆம் விதி, அரசு ஊழியர் முன் அனுமதியின்றித் தொழில் செய்வதைத் தடுக்கிறது. ஊதியம் பெறாத சமூகத் தொண்டுக்கு வழிவிடுகிறது. ஆக, காசு வாங்குவதற்கில்லை. சேலை எடுத்துக் கொடுக்கும் எண்ணமிருந்தால் அதையும் முளையிலேயே கிள்ளிவிட வேண்டும். ஒரு டம்ளர் காப்பி குடிக்கலாம். எப்போதாவது கிடைக்கும் விருந்தோம்பல் பரிசாகாது என்று 13ஆம் விதியே விளக்கம் கூறுகிறது. இலவசம் என்பதில் ஒரு சங்கடமும் உண்டு. காசு கொடுத்தவர் உரிமையோடு வேண்டாம் என்று சொல்ல முடியும்; உபகாரம் பெறுபவர் பிடிக்காவிட்டாலும் சகித்துக்கொள்வார். அதனால், "யோசித்து இரண்டு நாள் கழித்துச் சொல்லுங்கள், வேண்டாமென்றாலும் வருத்தமில்லை" என்று எழுந்திருக்கும் முன் சொல்ல வேண்டும் என்று குறித்திருக்கிறேன்.

கடைசிப் பக்கந்தான் கடினமாக இருந்தது. வாக்குக்குரிய பக்கம் அது. பலமுறை எழுதி அடித்தபின் நின்றது இது: "நான் ஊரில் இருந்தால் எந்நேரமானாலும் வருவேன். பேறு நாளுக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரம் வெளித்தீவுப் பணி வேண்டாமென்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் மறுத்தால் போகத்தான் வேண்டும். நான் வர முடியாவிட்டால் வருவதற்கு இன்னொருவர் பெயரை இப்போதே முடிவு செய்வோம்." வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். "கவலையை விடு" என்பதைப்போல் இது இனிக்கவில்லை.

ஐப்பசிப் புயலில் பிறந்தவள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கல்லூரி விடுமுறைக்கு வந்திருக்கிறாள்.

"அந்த அக்காவுக்கு உன்னைப் பிடிக்காமல் போனால் என்னம்மா செய்வாய்?"

"வேறு யாரையாவது தேடிக் கொடுப்பேன்."

"அந்த இன்னொருவர் யார்? பெயரே எழுதவில்லையே."

அடுத்த வீட்டில் இன்னும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மாஸிக்கு எழுபதைத் தாண்டிவிட்டது, முழங்கால் வலி, ஆனால் அவருடைய மருமகள் இரண்டு பிள்ளை பெற்றவள், ஃபீனிக்ஸ் பே தமிழ்க் குடும்பங்களோடு பழகி நம்மைப்போலவே தமிழ் பேசுகிறவள். செருப்பை மாட்டிக்கொண்டு அவளைக் கேட்டுவரப் புறப்பட்டேன்.