உள்ளே இருக்கும் சங்கதி

நேயர்களே, விஷயத்தைச் சொன்னதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உள்ளாடையைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். பட்டுப் புடவையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறோம். நாள் முழுதும் உடம்போடு ஒட்டி உழைக்கும் அந்த ஏழைத் துணியைப் பற்றி மட்டும் வாய் திறக்க வெட்கம்!

சென்ற வருஷம் சென்னையிலிருந்து வந்த என் மகள், இயற்கைப் பருத்தி உள்ளாடை மூன்று வாங்கி வந்தாள். ஜி.ஓ.டி.எஸ். முத்திரை போட்டது. அதில் 'ஆர்கானிக்' என்று அச்சிட வேண்டுமானால், நூற்றுக்கு 95 பங்காவது இயற்கை முறையில் விளைந்த இழையாக இருக்க வேண்டும். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எதிர்வீட்டுப் பெண்ணிடம் காட்டினேன். அவள் 'அண்டி ஆபீஸு'க்குப் போகிறவள். முந்திரித் தொழிற்சாலைக்கு எங்கள் நாகர்கோவில் பக்கத்தில் அதுதான் பெயர்.

"என்ன விலை டீச்சர்?"

சொன்னேன். "ஒண்ணுக்கு என் ஒரு நாள் கூலி போயிருமே!" என்றாள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "மலிவு நைலான் உடம்புக்கு ஆகாது" என்று உபதேசம் வேறு செய்தேன்.

"எம் மவளுக்குத் தொடையில படை வந்து ரெண்டு மாசமாட்டு ஆறல்ல. நல்லது எதுன்னு தெரியாமலா இருக்கு? ரூவா வேண்டாமா டீச்சர்?"

முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. நல்ல துணி பணக்காரர்களுக்கு மட்டும்தானா?

மலிவுத் துணியும் உண்மையில் மலிவானதல்ல. திருப்பூர்ச் சாயக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்தது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயத் தண்ணீர்க் குட்டையாயிற்று. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நாம் மிச்சம் பிடித்த காசை அந்த ஆறு கொடுத்திருக்கிறது!

அன்றிரவு என் அம்மையை நினைத்துக் கொண்டேன். பாட்டாவின் பழைய வேட்டியை அவள் எறிந்ததே இல்லை. பலமுறை துவைத்து மெத்தென்று ஆன துணி, சாயமும் இல்லை. அதில்தான் எங்களுக்கு உள்ளாடை தைப்பாள்.

மறுநாளே இரண்டு நாலு முழ வேட்டிகளை எடுத்துக்கொண்டு தையற்காரியிடம் போனேன். முதலில் தைத்தது படுதோல்வி. நேராக வெட்டியதால், எதிர்வீட்டுப் பெண் வேலைக்கு உட்கார்ந்த உடனே தையல் பிரிந்துவிட்டது! பனியன் துணி போல் நெய்த துணி இழுபடாது அல்லவா? அடுத்த முறை 'கிராஸாக' வெட்டினோம்; நடுவில் இரட்டைத் துணி வைத்தோம். இடுப்புப் பட்டிக்குள் எலாஸ்டிக்கைக் கோத்துவிட்டோம். தளர்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். துணியை எறிய வேண்டாம். இரண்டாவது வேட்டியில் நாலு கிடைத்தன. தையற்கூலி ஒன்றுக்கு முப்பத்தைந்து ரூபாய்தான்.

இதனால் அந்தப் பெண்ணின் படை ஆறிவிட்டது என்று சொன்னால் பொய். ஆஸ்பத்திரி மருந்தில்தான் ஆறியது. ஆனால் டாக்டர் கேட்ட கேள்வி முக்கியமானது: "துணியை எங்கே காயப் போடுகிறாய்?"

புடவைக்கு அடியில், நிழலில், யார் கண்ணிலும் படாமல்! ஆடியிலும் மழை, ஐப்பசியிலும் மழை என்று இரண்டு பருவமும் பெய்கிற நம் ஜில்லாவில், அப்படி மறைத்துப் போட்டால் எப்போது காயும்? ஈரத்தோடு உடுத்தினால் படை வராமல் என்ன செய்யும்?

இந்த மண்ணில்தான் நாடார் பெண்கள் தோள்சீலை அணிந்ததற்காகத் தெருவில் அடிபட்டார்கள், சீலை கிழிபட்டார்கள். 1859 ஜூலை 26-ஆம் தேதிதான் திருவிதாங்கூர் மகாராஜா இறங்கி வந்து உத்தரவு போட்டார். உடுத்துவதற்கே போராடிய ஊரில், உடுத்தியதை வெயிலில் போட நமக்கு என்ன வெட்கம்?

இப்போது எங்கள் தெருவில் இரண்டு கொடிகளில் வெள்ளைத் துணிகள் பகிரங்கமாகக் காய்கின்றன. ஒன்று எதிர்வீட்டுக் கொடி, மற்றது என்னுடையது. மகள் வாங்கி வந்த மூன்றும் அதில்தான் தொங்குகின்றன. பழைய வேட்டிக்குப் பக்கத்தில், வித்தியாசம் தெரியாமல்.

உங்கள் வீட்டுப் பெட்டியிலும் ஒரு பழைய வேட்டி இருக்குமே, நேயர்களே?