இரண்டு பக்கமும் எழுதிய கொப்பி

புஜிபா, மால்டா. 2010 ஏப்ரல் 16, வெள்ளி

இன்று பின்னேரம் எங்களை லண்டனுக்கு ஏற்றவேண்டிய விமானம் வரவில்லை. நேற்று மத்தியானத்தோடு பிரித்தானிய வான்வெளியை மூடிவிட்டார்கள். ஐஸ்லாந்தில் புதன்கிழமை வெடித்த எரிமலையின் சாம்பல் வட ஐரோப்பாவுக்கு மேலே பரவிக் கிடக்கிறதாம். இங்கே வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. அதனால்தான் ஹோட்டலில் ஒருவருக்கும் நம்ப மனம் வருகுதில்லை. றிசெப்ஷனில் நிற்கும் பிள்ளை, யார் வந்து கேட்டாலும் சிரித்த முகத்தோடு ஒரே பதிலைச் சொல்கிறாள்: திங்கள்வரை பார்ப்போம்.

பக்கத்து அறைக்காரர் முந்தி விமான எஞ்சின் திருத்தியவர். சாம்பல் என்று நினைக்காதே, அது கண்ணாடித் தூள், எஞ்சின் சூட்டில் உருகி உள்ளே அப்பிவிடும் என்றார். 1982இல் ஜாவாவுக்கு மேலே ஒரு பிரிட்டிஷ் ஜம்போவின் நாலு எஞ்சினும் அப்படி நின்றுபோய், பிறகு தெய்வாதீனமாகத் திரும்ப இயங்கி ஜகார்த்தாவில் இறங்கியதாம். சந்தோசமாகத்தான் சொன்னார். பென்ஷன் எடுத்த மனிசருக்குத் தன் தொழிலைப் பற்றிக் கதைக்க இப்படியொரு சந்தர்ப்பம் லேசில் வாய்க்காது.

பிள்ளைகள் எங்களுடைய 25ஆவது கலியாண நாளுக்கென்று எடுத்துத் தந்த விடுமுறை இது. மூன்று நட்சத்திர ஹோட்டல். காலையும் இரவும் சாப்பாடு சேர்த்தி. குடிக்கிறது மட்டும் காசு. படத்தில் கடற்கரை என்று போட்டிருந்தார்கள். ஒரு பிடி மண் கிடையாது. மஞ்சள் சுண்ணாம்புப் பாறை, அதன்மேல் ஊற்றிய கொங்கிறீற், அதில் பூட்டிய இரும்பு ஏணி. ஏணியால் இறங்கினால் நேரே ஆழம். அலை ஒதுக்கின கடற்புல் பாறை இடுக்குகளில் கபில நிறத்தில் கிடந்து மணக்கிறது. இங்கிலாந்துக் கிழடுகள் அதையெல்லாம் பொருட்படுத்துவதில்லை. விடிய ஆறு மணிக்கே நீச்சல்குளத்துக் கதிரைகளில் துவாயைப் போட்டு இடம்பிடித்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கப் போகிறார்கள்.

மூலைக் கடையில் ஒரு கொப்பி வாங்கினேன். மனம் ஒருநிலையில் நிற்காத நேரங்களில்தான் நான் எழுதுவது. கடைசியாகப் போன வருடம் மே மாதம் எழுதினது. அந்தக் கொப்பியைப் பிறகு திறக்கவில்லை.

இவர் கண்டுவிட்டார். "இஞ்சரும், உம்மடை கொப்பியிலை பின்பக்கத்தை எனக்குத் தாரும்."

"என்னத்துக்கு?"

"ஆர் ஆர் நிக்கினம் எண்டு எழுதவேணும்."

ஏப்ரல் 17, சனி

பாப்பரசர் வந்து இறங்கிவிட்டார். ஐரோப்பாவில் பாதி விமானங்கள் தரையில் நிற்க, ரோமிலிருந்து பதினாறாம் பெனடிக்ற் மட்டும் எப்படி வந்தார் என்று பாரில் ஒரே பகிடி. மேலிடத்துச் செல்வாக்கு என்றார் ஒருவர். தெருவெல்லாம் மஞ்சளும் வெள்ளையுமாகக் கொடிகள்.

புனித பவுல் கப்பலுடைந்து இந்தத் தீவில் கரையேறி 1950 வருடம். அதற்காகத்தான் வருகை. எங்கள் ஊர்க் கத்தோலிக்கர் சின்னப்பர் என்று சொல்கிறவர். கைதியாக ரோமுக்குக் கொண்டுபோகும் வழியில், கி.பி. 60இல் நடந்ததாம். இந்த விரிகுடாவுக்கே அவருடைய பெயர்தான். வாய்ப்பக்கத்தில் ஆள் குடியில்லாத சின்னத் தீவில் அவருடைய சிலை நிற்கிறது. எங்கள் பல்கனியில் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் தெரியும். வந்த நாளிலிருந்து இவர் பல்கனிப் பக்கம் போனதாக எனக்கு ஞாபகமில்லை. காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்.

இரவுச் சாப்பாட்டு மேசையில் மூன்றாம் மாடி விதவை அம்மா, கோயில் பக்தி உள்ளவ, அந்தக் கதையை எடுத்தா. கப்பலில் இருந்தது 276 பேர், வேதாகமத்திலேயே எழுதியிருக்கிறது, ஒருவர் தவறாமல் தப்பிவிட்டார்கள், நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தி, மற்றவர்கள் பலகையைப் பிடித்து. இவர் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார்.

"276 என்று எப்படித் தெரியும்?"

லூக்காவும் கூடப் போனவர், எண்ணியிருப்பார் என்றா.

"அப்ப ஆரோ லிஸ்ற் எடுத்திருக்கு," என்று என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. எனக்கு விளங்கவில்லை. முயல் கறி நல்லாயிருந்தது.

இவருடைய லிஸ்ற் வளர்ந்துவிட்டது. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருக்கிறார். பெயர், அறை, விமான இலக்கம், என்ன மருந்து, ஊரில் யாருக்கு அறிவிக்கவேண்டும். மேலே பெரிய எழுத்தில் 261/2004. அது ஐரோப்பியச் சட்ட இலக்கம். எரிமலை வெடித்தாலும் தங்கவும் சாப்பிடவும் விமானக் கம்பனி தரவேண்டும் என்கிற சட்டமாம். எஞ்சின்காரர் சொல்லிக் கொடுத்தது.

ஏப்ரல் 18, ஞாயிறு

புளோரியானாவில் திருப்பலி, ரிவியில். மகளின் போன். அழவில்லை என்று சொன்னேன்.

ஏப்ரல் 19, திங்கள்

இன்று பள்ளிக்கூடம் தொடங்கிவிட்டது. 300 பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு, குசினியில் நானில்லை. அழைத்துச் சொன்னேன். வராத நாளுக்குச் சம்பளம் உண்டா இல்லையா என்று அவர்களுக்கே தெரியாது. எங்களுடைய விமானக் கம்பனி போனை எடுக்கிறதேயில்லை. நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டேன். எடுத்தவுடன் கட்டாகிவிட்டது. விசராக இருக்கிறது.

பல் தீட்டுகிற தண்ணீரும் உப்பு. கடல்நீரைத்தான் சுத்திகரித்துக் குழாயில் விடுகிறார்களாம். ஒரே பாஸ்ரா, ஒரே சிப்ஸ். நேற்று மிஞ்சினதுக்கு மேலே சீஸ் உருக்கி இன்று புதுப் பெயர். ஒரு பிடி சோறும் ஒரு பச்சை மிளகாயும் கிடைத்தால் இந்தத் தீவையே மன்னித்துவிடுவேன்.

இவருடைய பிறஷர் குளிசை முடியப்போகிறது. பச்சைச் சிலுவை போட்ட மருந்துக் கடையில் வெறும் பெட்டியைக் காட்டினோம். கடைக்காரப் பெண் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு ஒரு மட்டை தந்தா. நல்ல மனுசி. அதற்கும் நான் முகத்தை உம்மென்றுதான் வைத்திருந்தேன்.

மத்தியானம் சுடுதண்ணீர் கேட்டுக் குசினியின் பின்வாசலுக்குப் போனபோது, பாத்திரம் கழுவும் சோமாலியப் பொடியன் படியில் குந்தியிருந்து சிகரெற் பிடித்துக்கொண்டிருந்தான். என் மகனிலும் இளசு. இந்தியாவா என்று கேட்டான், ஸ்ரீலங்கா என்றேன். தான் லிபியாவிலிருந்து வள்ளத்தில் வந்ததாகச் சொன்னான். பிடித்து முகாமில் வைத்தபோது பெயர் சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லையாம். வந்த வருடம், வள்ளத்துக்கு ஓர் எழுத்து, ஆளுக்கு ஓர் எண். அதைக் கூப்பிட்டால் எழும்பவேண்டும். இப்பவும் நித்திரையில் யாரும் அந்த எண்ணைச் சொன்னால் எழும்பிவிடுவேன் என்று சிரித்தான். பிறகு, எரிமலை எப்போது நிற்கும் என்று என்னிடமே கேட்டான். ஆட்கள் போகாவிட்டால் கழுவுவதற்குப் பாத்திரம் கூட.

இரவு இதை இவரிடம் சொன்னேன். எழுத்து என்ன எழுத்து என்று கேட்டார். நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 20, செவ்வாய்

காலையில் ஒரே பரபரப்பு. பிரதமர் பிரவுன் கடற்படைக் கப்பல்களை அனுப்புகிறார் என்று பிபிசி சொல்லிவிட்டது. ஒரு கப்பல் ஸ்பெயினின் சாந்தாந்தருக்கு வருகிறதாம். எங்களுக்கு இல்லை. ஆனால் எஞ்சின்காரருக்கு அதைக் கேட்டதிலிருந்து இரத்தம் சூடேறிவிட்டது. வலெற்றாவிலிருந்து சிசிலியின் பொசால்லோவுக்குக் கற்றமரான் ஓடுகிறது, ஒன்றரை மணித்தியாலம், அங்கிருந்து ரயில் மாறி மாறிக் கலே போய்விடலாம். ஆறேழு பேர் சேர்ந்துவிட்டார்கள். இவரையும் வரச்சொல்லி ஒற்றைக்காலில் நின்றார்கள். லிஸ்ற் வைத்திருக்கிறவர் இல்லாமல் எப்படி?

"எனக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது. சத்தி வரும்," என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

நான் வாயைத் திறக்கவில்லை. வல்வெட்டித்துறையில் பிறந்த மனுசன். பதினைஞ்சு வயதில் வள்ளத்தில் கோடிக்கரை போய் எம்ஜியார் படம் பார்த்துவிட்டு விடியமுன் திரும்பினதை எங்கள் கலியாண வீட்டிலேயே சொல்லிச் சிரித்தவர்கள் உண்டு. சத்தியாவது வருவதாவது.

பொசால்லோவில் இறங்கிக் கரையோரமாகக் கிழக்கே போனால், சிசிலியின் மூலையில் போர்த்தோபாலோ. அது எனக்கும் தெரியும். லண்டன் வீட்டில் இவருடைய பாங்க் பேப்பர்களோடு ஒரு பத்திரிகை நறுக்கு இருக்கிறது, 2001 ஆனி மாதத்தினது. 1996 நத்தார் இரவு, யோஹான் என்கிற கப்பலிலிருந்து எஃப்-174 என்கிற மரப்படகுக்கு ஆட்களை மாற்றினார்கள். 18 மீற்றர் நீளம், மீன்பிடிப் படகு, இந்த மால்டாவிலிருந்துதான் போனது. கொந்தளிப்பில் கப்பலும் படகும் மோதின. குறைந்தது 283 பேர் என்று போட்டிருக்கிறது. இந்தியர், பாகிஸ்தானியர், எங்கடை பிள்ளைகள். தப்பினவர்களைக் கிரேக்கத்தில் இறக்கி ஒரு வீட்டில் அடைத்துவைத்தார்கள். அதிலிருந்து ஓடியவர்கள் பொலிசிடம் சொன்னபோது இத்தாலியில் நம்புவதற்கு ஆளில்லை. வலைகளில் பிரேதங்கள் ஏறின. சொன்னால் தொழில் நின்றுபோகும் என்று மீனவர்கள் திரும்பக் கடலில் போட்டார்கள். கடைசியில் ஒருவர் தன் வலையில் வந்த அடையாள அட்டையைப் பத்திரிகைக்காரரிடம் கொடுத்தார். லா ரெப்புப்ளிக்கா பத்திரிகை றோபோ கமராவை இறக்கி 108 மீற்றர் ஆழத்தில் படகைப் படம் எடுத்தது. பிளாஸ்ரிக் உறை போட்ட இலங்கை அட்டை. அதற்குரியவனுக்கு 17 வயது.

இவருடைய ஒன்றுவிட்ட தம்பிக்கு அப்போது 22. ஏஜென்சிக்குக் கட்டின காசில் பாதி லண்டனிலிருந்து இவர் அனுப்பினது. அந்தக் கார்த்திகையில் ஒரு போன் வந்தது: கப்பலில் ஏறப்போகிறோம். அவ்வளவுதான். அந்தப் படகில்தான் இருந்தான் என்று யாரும் உறுதியாகச் சொன்னதில்லை. இல்லை என்றும் சொன்னதில்லை. அப்படியான பயணத்துக்கு யார் பெயர் எழுதுகிறார்கள்? சித்தி இன்றுவரை திவசம் கொடுக்கவில்லை. எந்தத் திதிக்கு என்று கேட்கிறா.

மகள் மால்டா என்று சொன்னபோது நான் இவருடைய முகத்தைப் பார்த்தேன். நல்ல இடம் என்றார். பிள்ளையின் காசு, பிள்ளையின் ஆசை.

பின்னேரம் அவர்கள் புறப்பட்டார்கள். இவர் வாசலில் நின்று பெயர் பெயராகக் கூப்பிட்டு, ஒவ்வொன்றுக்கும் நேரே நேரத்தை எழுதினார். போய்ச் சேர்ந்ததும் போன் எடுக்கவேணும் என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். எஞ்சின்காரர் சிரித்துக்கொண்டு சல்யூற் அடித்தார். இவர் சிரிக்கவில்லை. பொசால்லோவிலிருந்து குறுஞ்செய்தி வரும்வரைக்கும் சாப்பிடவும் இல்லை.

ஏப்ரல் 21, புதன்

நேற்றிரவு 10 மணிக்கு லண்டன் வான்வெளியைத் திறந்துவிட்டார்கள். பாரில் கைதட்டல். எங்களுக்கு இடமில்லை.

ஏப்ரல் 24, சனி

இந்தக் கிழமைக்கு ரிக்கெற் எடுத்தவர்கள் தங்கள் இடத்தில் போகிறார்கள். மிச்சமிருந்தால்தான் தேங்கி நிற்கிற எங்களுக்கு. ஒன்று, இரண்டு என்று கிள்ளித் தருகிறார்கள். விதவை அம்மா நேற்றுப் போனா, கன்னத்தில் முத்தம் தந்துவிட்டு. எஞ்சின்காரர் கூட்டம் வியாழனே வீடு சேர்ந்துவிட்டது. ஏழு பெயருக்கு நேரேயும் சரி போட்டிருக்கிறது.

புது ஆட்கள் வந்துவிட்டதால் எங்களைப் பின்பக்க அறைக்கு மாற்றினார்கள். கடல் தெரியாது. தண்ணீர்த் தாங்கிகளும் குசினி முற்றமும்தான். நான் சண்டை பிடிக்க ஆயத்தமானேன். இவர் நல்ல அறை என்றார். இரவு குறட்டை விட்டு நித்திரை கொண்டார், இங்கே வந்தபிறகு முதல்தடவையாக. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. நாங்கள் இங்கே குடியிருக்கவா வந்தோம்?

இவர் குளிக்கப் போன நேரம் கொப்பியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். கடைசி ஒற்றையில், எங்கள் இருவரின் பெயருக்கும் கீழே, சோமாலியப் பொடியனின் முழுப் பெயர். மூன்று சொல். எழுத்துக்கூட்டிக் கேட்டு எழுதியிருக்கவேண்டும், ஓர் இடத்தில் வெட்டித் திருத்தியிருக்கிறது. அறை, விமானம் இரண்டும் வெறுமை. அறிவிக்கவேண்டியவர் என்ற இடத்தில் மொகடிஷுவில் ஒரு போன் இலக்கம். எப்போது போய்க் கேட்டார்? என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, கொப்பியைப் பழையபடி வைத்துவிட்டேன்.

இரவு றிசெப்ஷன் பிள்ளையிடம் நின்று வெகுநேரம் கதைத்துக்கொண்டிருந்தார். இந்தத் தீவிலிருந்து சிசிலி தெரியுமோ என்று கேட்டிருக்கிறார். மழை கழுவின நாளில் எட்னா மலை தெரியும், கோசோவின் வடக்குக் கரையிலிருந்து பார்க்கவேண்டும் என்றாளாம். இன்னொரு எரிமலையோ என்று நான் நெற்றியில் அடித்தேன். அது சிரிப்பதற்குச் சொன்னது. இவர் கோசோ பெரி எத்தனை மணிக்கு, எத்தனை நிமிட ஓட்டம், மேல்தட்டில் நிற்க விடுவார்களோ என்றெல்லாம் விசாரித்து வைத்திருக்கிறார்.

"உங்களுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாதெல்லோ?"

"இருவத்தைஞ்சு நிமிசம்தானப்பா."

போவதென்றால் விடிய ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். விமானக் கம்பனி நாளை ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் இடையில் அழைப்பதாகச் சொல்லியிருக்கிறது, அறைப் போனுக்கு.