மிதவைக் கிண்ணத்தில் மிஞ்சுவது

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்களின் கண்ணாடியிழை வள்ளங்களில் பொருத்தப்படும் பத்துக் குதிரைத்திறன் அளவிலான வெளிப்பொருத்து எஞ்சின்களில் பெரும்பாலானவை இரண்டு எரிபொருள்களில் ஓடுபவை. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது என்பதால் சிறிய தனித் தொட்டியில் உள்ள பெட்ரோலைக் கொண்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியதும் குழாய்த் திருகை மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்புவதும், கரை நெருங்கி நிறுத்துவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு மீண்டும் பெட்ரோலுக்கு மாற்றுவதும் இந்த எஞ்சின்களுக்கான முறையாகும். அரசு மானிய விலையில் வழங்கும் மண்ணெண்ணெயே பயணத்தின் பெரும்பகுதிக்கு எரிகிறது. ஒரு நாளின் தொழிலில் செலவாகும் பெட்ரோல் மிகக் குறைவு. அப்படியிருந்தும் இக்கடற்கரையின் எஞ்சின் பட்டறைகளில் கேட்கப்படும் முறையீடுகளில் கணிசமான பகுதி மண்ணெண்ணெயைப் பற்றியதாக இல்லாமல், அந்தச் சொற்பப் பெட்ரோலைப் பற்றியதாக இருக்கிறது.

இந்தியாவில் பெட்ரோலுடன் எத்தனாலைக் கலக்கும் திட்டம் 2003இல் ஒன்பது மாநிலங்களிலும் நான்கு யூனியன் பிரதேசங்களிலும் 5 விழுக்காட்டுக் கலப்பாகத் தொடங்கியது. எத்தனால் என்பது கரும்புச் சாறு, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றை நொதிக்கவைத்து வடிக்கப்படும் சாராயமே. நாட்டின் சராசரிக் கலப்பு 2022 ஜூனில் 10 விழுக்காட்டைத் தொட்டது. 20 விழுக்காட்டுக் கலப்பு 2023 பிப்ரவரியில் சில நிலையங்களில் அறிமுகமாகி, 2030க்கு என்று முதலில் வைக்கப்பட்டிருந்த இலக்கு 2025இலேயே எட்டப்பட்டது. இந்த மாற்றத்தைப் பற்றிய பொது விவாதம் முழுவதும் மகிழுந்தையும் இருசக்கர வாகனத்தையும் சுற்றியே நடந்தது. பெட்ரோல் நிலையத்தில் பத்து லிட்டர் கேனை நீட்டும் மீனவரோ, ரப்பர் தோட்டத்தில் புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டும் தொழிலாளியோ அந்த விவாதத்தில் இடம்பெறவே இல்லை.

மீன் இறங்குதளத்தை ஒட்டிய பட்டறை ஒன்றின் அமைப்பு எளிமையானது: தகரக் கூரை, எஞ்சின்களை மாட்டிவைக்க மரச்சட்டம், பழுது பார்த்த எஞ்சினை இறக்கி ஓட்டிப்பார்க்க நீர் நிரப்பிய பீப்பாய் ஒன்று. குளிர்விக்கும் நீரை எஞ்சின் வெளியிலிருந்தே உறிஞ்ச வேண்டியிருப்பதால், இந்தப் பீப்பாய் இல்லாமல் அதை நிலத்தில் ஓட்டிப்பார்க்க முடியாது. காலையில் வள்ளங்கள் கரையணைந்து மீன் ஏலம் முடிந்த பிறகே இங்கு வேலை சூடு பிடிக்கிறது. கழற்றப்படும் முதல் உறுப்பு பெரும்பாலும் கார்புரேட்டர்தான். எரிபொருளையும் காற்றையும் உரிய அளவில் கலந்து எஞ்சினுக்குள் அனுப்பும் இந்த உறுப்பின் அடியில், ஒரு மிதவையும் ஊசியும் சேர்ந்து எரிபொருள் மட்டத்தைக் காக்கும் சிறு கிண்ணம் உள்ளது. பட்டறை வழக்கில் அதன் பெயர் பவுல். அதைத் திறந்தால் அலுமினியச் சுவரில் சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளை பூத்திருப்பதும், எரிபொருள் செல்லும் நுண்துளை கொண்ட பித்தளை ஜெட்டின் வாயில் பச்சைக் களிம்பு ஏறியிருப்பதும், அடியில் ஒரு துளி கலங்கல் நீர் தேங்கியிருப்பதும் காணக் கிடைக்கின்றன. “இது பெட்ரோல் இல்ல மக்கா, பாதி சாராயம், பாதி உப்புத்தண்ணி,” என்று மூத்த மெக்கானிக் ஒருவர் தம் உதவியாளரிடம் சொன்ன மிகைக்கூற்றில் வேதியியல் அடிப்படை இல்லாமல் இல்லை.

கலப்பற்ற பெட்ரோலும் நீரும் ஏறக்குறைய முற்றிலும் சேராதவை. தொட்டிக்குள் நீர் புகுந்தால் அது அடியில் தனியாகக் கிடக்கும், வடித்துவிடலாம். எத்தனாலோ இரண்டோடும் உறவாடும் தன்மையுடையது. 10 விழுக்காடு கலந்த பெட்ரோல், இயல்பான வெப்பநிலையில் லிட்டருக்கு ஏறத்தாழ ஐந்து மில்லி நீரை, அதாவது ஒரு தேக்கரண்டி அளவை, கண்ணுக்குத் தெரியாமல் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்கிறது. 20 விழுக்காட்டுக் கலவை அதைவிடக் கூடுதலாகவே தாங்கும். அந்த எல்லையைத் தாண்டியதும் எத்தனால் பெட்ரோலைக் கைவிட்டு நீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிடுகிறது. இதையே அடுக்குப் பிரிதல் என்பர். மேலே நிற்கும் பெட்ரோல், வெடித்தட்டலைத் தடுக்கும் திறனைக் குறிக்கும் ஆக்டேன் எண்ணை ஓரளவு இழந்து நிற்க, எரிபொருள் குழாய் உறிஞ்சும் அடிப்பகுதியில் சாராயமும் நீரும் கலந்த, உலோகத்தை அரிக்கும் திரவம் தங்குகிறது. குளிர்நாடுகளில் வெப்பநிலை வீழ்ச்சியே இந்தப் பிரிவைத் தூண்டுவதுண்டு. குமரிக் கடற்கரையில் அத்தகைய குளிர் கிடையாது. இங்கே காரணம் கேனின் சரியாக மூடாத திருகுமூடி, ஓரத்தில் வெடித்த ரப்பர் வளையம், வள்ளத்தின் அடியில் அலைநீரில் மிதந்தபடி கிடக்கும் தொட்டி. காற்றின் ஈரத்தைக் குடித்தே பெட்ரோல் கெட்டுவிடுகிறது என்ற பரவலான நம்பிக்கை ஓரளவே சரி. மூடிய தொட்டியின் சிறு காற்றுத்துளை வழியாக ஈரம் சேர்வது மிக மெதுவாக நடப்பது. உட்புகுவது கடல்நீர் என்பதால் அதிலுள்ள உப்பு, பித்தளையும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஒரு சிறு மின்கலத்தையே உருவாக்கி அரிப்பை விரைவுபடுத்துகிறது.

இவ்விடத்தில்தான் பழைய நல்வழக்கம் ஒன்று எதிர்விளைவு தரத் தொடங்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும். நிறுத்துவதற்கு முன் பெட்ரோலுக்கு மாற்றுவது, மண்ணெண்ணெய் கார்புரேட்டரில் தங்கி மறுநாள் எஞ்சின் கிளம்பாமல் போவதைத் தடுக்க ஏற்பட்ட ஒழுங்கு. தந்தையிடமிருந்து மகன் கற்றுக்கொண்ட கைப்பழக்கம். அந்த ஒழுங்கைத் தவறாமல் பின்பற்றுபவரின் எஞ்சினில், கடல் கொந்தளித்து வள்ளம் பத்து நாள் கரையில் கிடக்கும்போது, கிண்ணத்தில் மிஞ்சியிருப்பது எத்தனால் கலந்த பெட்ரோல். ஓடும்போது அது எரிவது சில நிமிடங்களே என்பதால் மைலேஜ் குறைவு, திறன் இழப்பு பற்றிய நகரத்துக் கவலைகள் இங்குப் பொருட்டே அல்ல. எஞ்சின் நின்ற பிறகு கிண்ணத்தில் நடப்பதே பொருட்டு. சோம்பல்பட்டு மண்ணெண்ணெயிலேயே நிறுத்திவிடுபவரின் ஜெட்டில் களிம்பு குறைவாக இருப்பதைப் பட்டறையில் சற்று எரிச்சலோடுதான் ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் அவர் மறுநாள் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் நோகிறார்.

அடைத்த ஜெட்டைத் திறப்பது இத்தொழிலில் கைநயம் கேட்கும் வேலை. ஒரு மில்லிமீட்டர்கூட விட்டமில்லாத அந்தத் துளையே எரிபொருளின் அளவைத் தீர்மானிப்பதால், அதில் இரும்புக் கம்பியை நுழைத்துக் குடைவது இளம் உதவியாளர்கள் செய்யும் பெரும்பிழையாகக் கருதப்படுகிறது. துளை ஒரு மயிரிழை அகன்றாலும் அளவு போய்விடும். ஊறவைத்து, காற்றடித்து, அதற்கும் அசையாவிட்டால் மின்கம்பியிலிருந்து பிரித்த ஒற்றைச் செம்பு இழையால் நீவி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் துளை வட்டமாகத் தெரிகிறதா என்று பார்ப்பது அனுபவசாலிகளின் முறை.

கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குச் சென்றால், குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் களை நீக்கும் புல்வெட்டும் இயந்திரங்களில் இதே சிக்கல் வேறு உருவம் கொள்கிறது. இவை முழுநேரமும் பெட்ரோலிலேயே ஓடும் இருவீச்சு எஞ்சின்கள். தனி மசகெண்ணெய் அறை கிடையாது, பெட்ரோலில் கலக்கும் டூ-டி ஆயிலே, லிட்டருக்கு 40 மில்லி என்ற அளவில், உள்ளுறுப்புகளுக்கு வழுவழுப்புத் தருகிறது. அடுக்குப் பிரிந்தால் ஆயில் மேலுள்ள பெட்ரோலோடு நின்றுவிடும்; கீழடுக்கை உறிஞ்சும் எஞ்சினுக்கு ஒரு துளி மசகும் கிடைக்காமல் பிஸ்டன் உருளையோடு உராய்ந்து இறுகிப்போகும். பிரியாத நிலையிலும் ஓர் இடர் உண்டு. பெட்ரோல் முழுமையாக எரிய அதன் எடையைப் போல் 14.7 மடங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 மடங்கு போதும். 20 விழுக்காட்டுக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 மடங்கு. மகிழுந்தின் உணரிகள் இதை அறிந்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். துளை மாறாத கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லாததால், எரிபொருள் குறைந்து காற்று மிகுந்த கலவை உள்ளே சென்று எஞ்சினை வழக்கத்தைவிடச் சூடாக்குகிறது. சவ்வு, கைப்பம்புக் குமிழ், மெல்லிய எரிபொருள் குழாய் ஆகியவை பழைய வகை ரப்பரால் ஆனவை என்றால் ஊறி உப்பி, காய்ந்தபின் விறைத்து வெடிக்கின்றன. புளோரின் சேர்ந்த ரப்பர் இதைத் தாங்கும். ஆனால் மலிவான மாற்று உதிரிகளின் பொட்டலத்தில் எந்த ரப்பர் என்று அச்சிட்டிருப்பதில்லை.

பட்டறைகளில் எல்லாப் பழுதுக்கும் எத்தனாலையே குற்றவாளியாக்கும் போக்கு வளர்ந்திருப்பதையும் சொல்லியாக வேண்டும். அழுக்குக் கேன், மாதக்கணக்கில் மாற்றாத பிளக், அளவு பாராமல் ஊற்றிய ஆயில் ஆகியவற்றின் பழியும் இப்போது அதன் தலையிலேயே விழுகிறது. ஐயம் வந்தால் தீர்த்துக்கொள்ள வழி எளிது: அளவுக்கோடு உள்ள கண்ணாடிக் குழாயில் 100 மில்லி பெட்ரோலும் 10 மில்லி நீரும் ஊற்றிக் குலுக்கி வைத்தால், 20 விழுக்காட்டுக் கலவையில் கீழடுக்கு 10இல் நிற்காமல் ஏறத்தாழ 30 வரை உயரும். இதைப் பார்த்துவிட்டு, நீரூற்றி எத்தனாலைக் கழுவியெடுத்த பெட்ரோலையே பயன்படுத்த முனைவோரும் உண்டு. ஆக்டேனும் போய், ஈரமும் ஒட்டிக்கொண்டு, திறந்த வாளியில் ஆவி பரவும் தீவிபத்து வாய்ப்பையும் அழைக்கும் முட்டாள்தனம் அது.

படகுக்காரருக்கு எத்தனால் இழைக்கும் தொல்லை உலகில் முதலில் பெரிதாகப் பேசப்பட்டது அமெரிக்காவில். 2004 தொடக்கத்தில் நியூயார்க், கனெக்டிகட் மாநிலங்கள் நிலத்தடி நீரைக் கெடுத்த எம்டிபிஇ என்ற கலப்புப் பொருளைத் தடைசெய்து எத்தனாலுக்கு மாறியபோது, பழைய சொகுசுப் படகுகளின் கண்ணாடியிழைத் தொட்டிகளில் பிசின் கரைந்து, எஞ்சினின் வால்வுகளில் கரும்பசையாக ஒட்டியது. பின்னர் 15 விழுக்காட்டுக் கலவைக்கு 2010இலும் 2011இலும் அனுமதி கொடுத்த அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை, படகுகளுக்கும் சிறு எஞ்சின்களுக்கும் அதைத் தடைசெய்து, பம்பின் மேலேயே எச்சரிக்கை ஒட்டச்செய்தது. அங்கே படகுக்காரர் 10 விழுக்காட்டுப் பம்புக்கோ, சில இடங்களில் கலப்பற்றதற்கோ போகலாம். குளச்சல் மீனவருக்குச் சாதாரணப் பெட்ரோலில் அந்தத் தெரிவு இல்லை. எச்சரிக்கை ஒட்டினாலும் அதைப் படித்துவிட்டு அதே பம்பில்தான் கேனை நீட்டியாக வேண்டும்.

ஆகவே மாற்றம் கைப்பழக்கத்தில்தான் நிகழ்கிறது. பெட்ரோலுக்கு மாற்றி ஓட்டுவதோடு நில்லாமல், கரையணையும்போது குழாயையே மூடி, கிண்ணம் வற்றி எஞ்சின் தானாக இருமி நிற்கும்வரை விடச் சொல்கிறார்கள். நாள்கணக்கில் கரையில் கிடக்கும் என்றால் கிண்ணத்தின் அடித்திருகைத் திறந்து கடைசித் துளியையும் வடிக்கச் சொல்கிறார்கள். முன்பு ஆண்டுக்கு ஒருமுறைகூடத் தொடப்படாததால் உப்பில் உறைந்துபோன அந்தத் திருகு, இப்போது பட்டறைகளில் மாற்றப்படும் உதிரிகளில் ஒன்றாகிவிட்டது. பெட்ரோல் வாங்கும் அளவும் சுருங்கியிருக்கிறது. கேன் நிறைய வாங்கி வைப்பதை விட்டு இரண்டிரண்டு லிட்டராக வாங்குகிறார்கள். கடலுக்குப் போகாத வாரத்தில் சிறுதொட்டியில் மிஞ்சும் பெட்ரோலிலும், புல்வெட்டும் இயந்திரத்தில்போலவே, ஆயில் கலந்திருப்பதால் மோட்டார் சைக்கிளுக்கும் அது ஆகாது. பட்டறை வாசலில் உள்ள தகர டப்பாவில் அதைக் கொட்டிவிட்டுப் போகிறார்கள், அடுத்த எஞ்சினின் கார்புரேட்டரைக் கழுவ அது பயன்படுகிறது.