பாலாடை, ட்யூப், அப்புறம் ஒரு ரகசியம்

எழுதலாமா வேணாமான்னு ரெண்டு வருஷமா யோசிச்சு, இன்னிக்குத் துணிஞ்சாச்சு. ஆண் பதிவர்களும் நெளியாம படிங்க, நாளைக்கு உங்க வீட்டுலயும் தேவைப்படலாம்.

இருபத்தி நாலு வயசுல மார்பு குறைப்பு ஆபரேஷன் செஞ்சுக்கிட்டேன். அழகுக்காக இல்லைங்க. ஓயாத கழுத்து வலி, தோள்ல பட்டை அழுத்தின பள்ளம், மடிப்புல வேர்த்து வேர்த்துப் புண்ணு. கல்யாணத்துக்கு முன்னாடியே ரங்கமணிகிட்ட சொல்லிட்டேன். அத்தைகிட்ட சொல்லலை. "பின்னாடி பால் கொடுக்க முடியுமா டாக்டர்?"னு அன்னிக்குக் கேட்கக்கூடத் தோணலை. வலி போனா போதும்னு இருந்துச்சு.

பொண்ணு பொறந்தப்ப 2.9 கிலோ. சீம்பால் வந்துச்சு, அப்பாடான்னு இருந்தேன். அஞ்சாம் நாள் எடை பார்த்தா 2.56. பத்து சதவீதத்துக்கு மேல குறைஞ்சா கவனிக்கணுமாம். ஒன்னுக்குப் போன துணியும் நாளைக்கு மூணுதான், ஆறாவது நனையணும். அத்தை பூண்டு, முருங்கைக்கீரை, பால்சுறாப் புட்டுன்னு தட்டை நிரப்பினாங்க. "நல்லாச் சாப்பிட்டா தானா ஊறும்மா"ன்னு அவங்க சொல்லச் சொல்ல, திருடி மாதிரி தலையைக் குனிஞ்சுக்கிட்டு முழுங்கினேன்.

தாய்ப்பால் ஆலோசகர் ஒருத்தங்க பழைய ஆபரேஷன் பேப்பரைக் கொண்டு வரச் சொன்னாங்க. காம்பைத் தனியா வெட்டி எடுத்து மறுபடி தைச்சிருந்தா பால் குழாயெல்லாம் அறுந்திருக்கும். எனக்குக் கீழ்ப்பக்கச் சதையோட ஒட்டியே விட்டு மேலே நகர்த்தியிருக்காங்க. அதனால கொஞ்சம் குழாய் மிச்சம். நரம்பும் முக்கியமாம், குழந்தை சப்பறது மூளைக்குத் தெரிஞ்சாத்தான் பால் இறங்கும். எனக்கு வலது பக்கம் உணர்ச்சி இருக்கு, இடது பக்கம் பாதி மரத்துப்போச்சு. பாலும் அதே கணக்குலதான் வந்துச்சு :-)

"முழுசா வராதும்மா. வர்றதை விட்டுடவும் வேண்டாம்"னாங்க. அழுதேன். ஆனா குழந்தை பொறந்ததுக்கப்புறம் அன்னிக்குத்தான் ஒழுங்கா மூச்சு விட்டேன்.

மெல்லிசான ஃபீடிங் ட்யூபோட ஒரு முனையைக் காம்பு பக்கத்துல பிளாஸ்திரி போட்டு ஒட்டணும், இன்னொரு முனை பவுடர் பால் கிண்ணத்துல. குழந்தை சப்பினா ரெண்டும் சேர்ந்து போகும், மார்புக்கும் வேலை கொடுத்த மாதிரி இருக்கும். சொல்றதுக்கு சுலபம். முதல் ரெண்டு நாள் ட்யூப் நழுவி நைட்டியெல்லாம் பால், எனக்கும் அவளுக்கும் ஒரே அழுகை. பாலாடைதான் காப்பாத்துச்சு. பதினாறாம் நாள் பிறந்த எடையைத் தொட்டா.

அதுக்கு முன்னாடியே அத்தை ட்யூபைப் பார்த்துட்டாங்க. எல்லாத்தையும் சொன்னேன். ஒன்னும் பேசாம எழுந்து போயிட்டாங்க. ரங்கமணி டிவி சத்தத்தைக் குறைச்சார், அவரால முடிஞ்சது அவ்ளோதான்.

ராத்திரி ரெண்டு மணிக்குக் குழந்தை சிணுங்கினப்ப கதவு திறந்துச்சு. அத்தை. கையில வெந்நீர்ல கொதிக்க வெச்சு எடுத்த கிண்ணம். பக்கத்துல உட்கார்ந்து, "இதை உசத்திப் பிடிக்கணுமா, தாழ்த்திப் பிடிக்கணுமா?"ன்னு கேட்டாங்க.

"உசத்தினா வேகமா வரும் அத்தை. கொஞ்சம் தாழ்த்தியே பிடிங்க."