மஞ்சள் விளக்கு

எங்கள் ஊரில் இராத்திரி வேளையில் வண்டி கட்டிக்கொண்டு கிளம்புகிறவர்கள் வண்டிக்கு அடியில் ஓர் அரிக்கேன் விளக்கைத் தொங்கவிடுவார்கள். அது வண்டிக்காரனுக்கு வழி காட்டுவதற்காக அல்ல. இங்கே ஒரு வண்டி வருகிறது என்று எதிரே வருகிறவன் தெரிந்துகொள்வதற்காக. விளக்கில்லாவிட்டால் போலீஸ்காரர் பிடித்துக்கொள்வார் என்ற பயமும் உண்டு. ஆனால் வண்டியில் ஏதாவது கோளாறு என்றால் அந்த விளக்கு ஒன்றும் சொல்லாது. அதை வண்டிக்காரன்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே கிளம்புவதற்கு முன்னால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து இரண்டு கடையாணிகளையும் தொட்டுப் பார்ப்பான். தொட்டுப் பார்க்காமல் ஏறி உட்கார்ந்த வண்டிக்காரனை நான் கண்டதில்லை.

இந்தக் காலத்து மோட்டார் வண்டி அப்படி அல்ல. தன் கஷ்டத்தைத் தானே சொல்லிக்கொள்கிறது. ஓட்டுகிறவருக்கு முன்னால் இருக்கும் பலகையில் சின்னச் சின்ன விளக்குகளை ஏற்றிக் காட்டுகிறது. அவை என்ன சொல்கின்றன என்று நமக்குப் புரிகிறதா என்பதுதான் கேள்வி. எனக்குப் புரியவில்லை என்பது கனடாவில் தெரிந்தது.

என் மருமான் டொராண்டோவில் இருக்கிறான். ஒரு ஜனவரி மாதம் அவனோடு தங்கியிருந்தபோது, வடக்கே சுமார் 100 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள பாரி என்ற ஊருக்கு ஒரு சிநேகிதர் எங்களைச் சாப்பிட அழைத்திருந்தார். நம் வள்ளல் பாரிக்கும் இந்த ஊருக்கும் சம்பந்தம் கிடையாது. ஆனால் பனியை வாரி வழங்குவதில் அந்த வட்டாரம் வள்ளலுக்கு இளைத்ததல்ல. ஹ்யூரான் ஏரியும் அதைச் சேர்ந்த ஜார்ஜியன் விரிகுடாவும் முழுவதும் உறைந்து போகாத நாட்களில், வடமேற்கிலிருந்து வரும் குளிர்காற்று அந்த நீர்ப்பரப்பின் ஈரத்தை வாரிக்கொண்டு வந்து கரையில் கொட்டுகிறது. கொட்டுவதும் ஒழுங்காக அல்ல, பட்டை பட்டையாக. ஒரு மைலுக்கு நல்ல வெயில் காய்கிறது. அடுத்த மைலில் முன்னால் போகும் வண்டி தெரிவதில்லை.

400ஆம் எண் நெடுஞ்சாலையில் நாங்கள் அப்படி ஒரு பட்டைக்குள் புகுந்தோம். மார்கழிப் பனியையே பனி என்று எண்ணி வந்த எனக்கு அது வேறு உலகமாக இருந்தது. வெளியே 14 டிகிரி, பூஜ்யத்துக்குக் கீழே. மருமான் வேகத்தை 40 கிலோமீட்டராகக் குறைத்தான். ஸ்டியரிங் சக்கரம் அவன் கையில் நடுங்க ஆரம்பித்தது. கார் வழுக்குவது போன்ற ஒரு படம் பலகையில் கண்சிமிட்டியது. கொஞ்ச நேரத்தில் சிமிட்டுவதை விட்டு நிலையாக எரிந்தது. அதன் பக்கத்தில் ஏ.பி.எஸ். என்று மற்றொரு மஞ்சள் விளக்கு. முன்பக்கத்து ரேடார் மறைந்துவிட்டது என்று ஓர் அறிவிப்பு வேறு. இவை போதாதென்று, டயர் படம் போட்ட இன்னொரு மஞ்சள் விளக்கு நாங்கள் வீட்டிலிருந்து கிளம்பியபோதே எரிந்துகொண்டிருந்தது.

"வண்டி போயிற்று போலிருக்கிறதே!" என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

"மஞ்சள்தான் மாமா. சிவப்பு இல்லை. எண்ணெய், எஞ்சின் சூடு, பிரேக், இவற்றில் எதற்காவது சிவப்பு விளக்கு வந்தால் உடனே ஓரங்கட்ட வேண்டும். இதற்கு மெதுவாகப் போனால் போதும்" என்றான். சொன்னபடியே முன்னால் போன லாரிக்கு நிறைய இடைவெளி விட்டு, பிரேக்கை இதமாக அழுத்தி, அடுத்த கிளைச்சாலையில் இறங்கி ஒரு பெட்ரோல் நிலையத்துக்குள் புகுந்தான். அங்கே இடம் இல்லை. ஓரத்தில் ஒதுக்கிக் குவித்திருந்த பனி மேட்டின் பக்கமாகப் பின்னுக்கு எடுத்து நிறுத்தினான்.

நான் குளிர் தாங்காதவன் என்று எஞ்சினை ஓடவிட்டுவிட்டு இறங்கினான். விளக்குகளுக்கு ஏதோ வைத்தியம் பார்க்கப் போகிறான் என்று நினைத்தேன். அவனோ முன்பக்கம் போகவில்லை, சக்கரங்களையும் பார்க்கவில்லை. ஒரு சின்ன மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நேரே வண்டியின் பின்புறம் போனான். அடுத்த கணம் ஓடி வந்து கதவைத் திறந்து எஞ்சினை அணைத்தான். என் பக்கத்துக் கண்ணாடியையும் இறக்கிவிட்டான். ஊசிக்காற்று முகத்தில் அடித்தது. "என்னடா இது! விளக்கு எரிவது முன்னால், நீ பின்னால் போய்த் தோண்டுகிறாய்!" என்று கடிந்துகொண்டேன்.

"புகைக்குழாய் பனி மேட்டில் புதைந்துவிட்டது, மாமா" என்றான். அவன் முகம் வெளுத்திருந்தது.

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. புகைக்குழாய் அடைபட்டால் எஞ்சினிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வண்டிக்குள்ளேயே வந்துவிடும். அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. 2016 ஜனவரியில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பெரும் பனிப்புயல் அடித்தபோது, நியூ ஜெர்சி மாநிலத்துப் பாஸேயிக் நகரில் ஒருவர் தம் வண்டியைச் சுற்றியிருந்த பனியை வாரிக்கொண்டிருந்தார். மனைவியும் குழந்தைகளும் குளிருக்கு இதமாக உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். புகைக்குழாய் பனியால் அடைபட்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை. தாயும் ஒரு வயதுக் குழந்தையும் மாண்டார்கள். மூத்த பெண் குழந்தை பிறகு இறந்தது. இதைச் சொல்லிவிட்டு மருமான் மெல்லிய குரலில், "இதற்கு எங்கள் வண்டியில் விளக்குக் கிடையாது" என்றான்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

குழாயை நன்றாகத் தோண்டி வெளியே எடுத்த பிறகுதான் அவன் சக்கரங்களிடம் போனான். மட்கார்டுக்குள் பனியும் உப்புச் சேறும் கல்லாக இறுகிக் கிடந்தன. பெரிய கட்டிகளைப் பூட்ஸ் காலால் உதைத்து விழுத்தினான். உள்பக்கத்தைத் தூரிகையால் தட்டினான். "இரும்புக் கம்பியால் குத்தக்கூடாது, அங்கே மெல்லிய ஒயர் ஓடுகிறது. வெந்நீரும் ஊற்றக்கூடாது, ஊற்றினால் அதுவே மறுபடி உறைந்துவிடும்" என்றான்.

மூன்று அறிவிப்புகள் ஏன் சேர்ந்து வந்தன என்பதையும் சொன்னான். ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் ஒரு சென்சார் இருக்கிறது. சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று கணக்குச் சொல்வது அதன் உத்தியோகம். பிரேக் போடும்போது ஒரு சக்கரம் சுற்றாமல் நின்று சறுக்கினால், ஏ.பி.எஸ். அந்தப் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும். 1978இல் பாஷ் கம்பெனியார் மெர்ஸிடஸ் வண்டிக்குச் செய்து கொடுத்த ஏற்பாடு இன்று எல்லா வண்டிகளிலும் பரவியிருக்கிறது. வழுக்கலைத் தடுக்கும் ஏற்பாடும் அதே சென்சாரின் கணக்கைத்தான் நம்பியிருக்கிறது. படம் கண்சிமிட்டினால் அது வேலை செய்கிறது என்று அர்த்தம். நிலையாக எரிந்தால் ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். சென்சாரைப் பனி மூடினால் கணக்கு வராது. கணக்கு வராவிட்டால் இரண்டும் விலகிக்கொள்ளும். சாதாரணப் பிரேக் மட்டும் நிற்கும். ரேடாரின் கதையும் இதேதான். ஸ்டியரிங் நடுங்கியதற்குக் காரணம், சக்கரத்தின் ஒரு பக்கத்தில் பனி அப்பி எடை ஏறுமாறாகப் போனது.

மறுபடியும் எஞ்சினைப் போட்டு நிலையத்துக்குள்ளேயே மெள்ள ஒரு வட்டம் ஓட்டினான். விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. ஸ்டியரிங்கும் நடுக்கத்தை விட்டது. "அணையாமல் இருந்திருந்தால் மெக்கானிக்கிடம் போக வேண்டியதுதான். சாலையில் போடும் உப்பு சென்சாரையும் ஒயரையும் அரித்துவிடும்" என்றான்.

டயர் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"இது?"

"இது குளிர்காலம் முழுவதும் எரியும் மாமா. நவம்பரில் பனி டயர் மாட்டினேன். அந்தச் சக்கரங்களில் காற்றழுத்தச் சென்சார் கிடையாது. செலவு என்று விட்டுவிட்டேன். பழகிப் போய்விட்டது."

"அப்படியானால் நிஜமாகவே காற்று இறங்கினால் உனக்கு யார் சொல்வார்கள்?"

அவன் பதில் சொல்லவில்லை. காற்றடிக்கும் இயந்திரத்தின் பக்கம் வண்டியை நகர்த்தினான். இருக்க வேண்டியது 33 பவுண்டு. மூன்று சக்கரங்களில் 29, 30 என்று இருந்தது. அது குளிரின் வேலை. வெப்பம் ஐந்தாறு டிகிரி குறைந்தால் டயரில் சுமார் ஒரு பவுண்டு குறையும். பின்பக்கத்து இடது சக்கரத்தில் 21 இருந்தது. குளிர் ஒரு சக்கரத்தை மட்டும் தனியாகப் பிடிக்காது. நான்கிலும் காற்றை நிரப்பிக்கொண்டோம். திங்கட்கிழமை மெக்கானிக் அந்தச் சக்கரத்திலிருந்து ஒரு சின்னத் திருகாணியைப் பிடுங்கி எடுத்தார்.

அந்த விளக்குகளைப் பற்றிப் பல நாள் யோசித்தேன். அவை பொய் சொல்லவில்லை. 'பிரேக் போயிற்று' என்று ஏ.பி.எஸ். விளக்கு சொல்லவில்லை, 'எனக்குக் கண் தெரியவில்லை' என்றுதான் சொன்னது. டயர் விளக்கும் அதைத்தான் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஒன்றைக் கேட்டு நான் அலறினேன். மற்றொன்றை அவன் கேட்காமலே விட்டான். விளக்குக்குக் கண் தெரியாதபோது நம் கண் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் அது கேட்டது.

அன்று இரவு பாரியிலிருந்து திரும்பும்போது சிநேகிதர் வாசல் வரை வந்து வழியனுப்பினார். நான் வண்டியில் ஏறிக்கொண்டேன். மருமான் ஏறவில்லை. பின்னால் போய்க் குனிந்து குழாயைப் பார்த்தான். சக்கரங்களுக்குள் காலால் தட்டினான். இடது பின்சக்கரத்தைக் கையால் தொட்டு அழுத்திப் பார்த்தான். பிறகுதான் வந்து உட்கார்ந்தான்.

"கடையாணி சரியாக இருக்கிறதா?" என்று கேட்டேன்.

அவனுக்குப் புரியவில்லை. போகிற வழியில் சொல்கிறேன் என்றேன்.