தேய்க்கக் கூடாத காசும் கழுவ வேண்டிய கையும்

மக்களே, இன்னைக்கு மருத்துவம் கொஞ்சம், என் பொழுதுபோக்கு கொஞ்சம். நீளமான த்ரெட். பொறுமையா படிங்க 🙏

1/ நான் பழைய அமெரிக்கத் தேர்தல் பதக்கங்கள் சேர்க்கிறேன். அரசு மருத்துவர் சம்பளத்துல இது எப்படின்னு கேக்காதீங்க. தேய்ஞ்சு போனதா, துளை போட்டதா பார்த்து வாங்கினா சில ஆயிரத்துல முடிஞ்சிடும்.

2/ ஆரம்பிச்சு வெச்சது நியூ ஜெர்சில இருக்கிற அத்தை பையன். ஊருக்கு வந்தப்போ ஒரு பித்தளைக் காசு கொடுத்தான். ஒரு பக்கம் மரக்கட்டைக் குடிசை. இன்னொரு பக்கம் ஒரு முகம்: வில்லியம் ஹென்றி ஹாரிசன். 1840 தேர்தல்ல ஆதரவாளர்கள் துளையில நூல் கோத்து சட்டையில மாட்டிக்கிட்டது.

3/ குடிசை ஏன்? "இந்தக் கிழவருக்கு ஒரு குடிசையும் ஆப்பிள் சாராயமும் கொடுத்தா போதும்"ங்கிற மாதிரி எதிர்த்தரப்புப் பத்திரிகை கிண்டல் பண்ணுச்சு. இவங்க அதையே சின்னமாக்கிட்டாங்க. உண்மையில அவர் வர்ஜீனியாவுல பெரிய பண்ணைக் குடும்பத்துப் பிள்ளை. "ஏழைத் தாயின் மகன்" பிரச்சாரம் எந்த ஊர்லயும் புதுசு இல்ல பாருங்க 😄

4/ காசு கறுத்துப் போயிருந்துச்சு. எங்க வீட்டுல பித்தளைன்னா புளி. நல்லா தேய்ச்சு, பளபளன்னு ஆக்கி, போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். உடனே போன்.

"அடப்பாவி மச்சான், புளி போட்டியா? பாதி விலை போச்சுடா!"

5/ அப்பதான் முதல் பாடம். பழைய பதக்கத்தைத் தேய்க்கவே கூடாது. அந்தக் கறுப்பு அழுக்கு இல்ல. உலோகத்து மேல வருஷக்கணக்குல படிஞ்ச தோல். அந்தக் காலத்திலேயே போட்ட துளையை மன்னிப்பாங்க, ஏன்னா யாரோ அதை மாட்டியிருக்காங்கன்னு அர்த்தம். பளபளப்பை மன்னிக்க மாட்டாங்க.

6/ ஹாரிசன் ஜெயிச்சார். 1841 மார்ச் 4 பதவியேற்பு, ஏறக்குறைய ரெண்டு மணி நேரப் பேச்சு. ஏப்ரல் 4 மரணம். 31 நாள்தான். நிமோனியான்னு எழுதினாங்க. 2014ல வந்த ஒரு மருத்துவக் கட்டுரை, வெள்ளை மாளிகைக் குடிநீர்ல சாக்கடை கலந்து வந்த டைபாய்டு மாதிரியான குடல் காய்ச்சலா இருக்கலாம்னு வாதாடுது. அவரே இளவயசுல கொஞ்ச காலம் மருத்துவம் படிச்சவர்!

7/ அதுக்கப்புறம் நான் தேடி வாங்கின இன்னொரு பதக்கம், ஜேம்ஸ் கார்ஃபீல்டு, 1880. தாடி வெச்ச முகம். வாங்கினதுக்குக் காரணம் அரசியல் இல்ல, சர்ஜரி.

8/ 1881 ஜூலை 2, வாஷிங்டன் ரயில் நிலையத்துல அவரைச் சுட்டாங்க. முதுகுல பாய்ஞ்ச குண்டு தண்டுவடத்தைத் தப்பவிட்டு, கணையத்துக்குப் பின்னாடி போய் தங்கிடுச்சு. டாக்டர்கள் வந்தாங்க. கழுவாத விரலையும் கருவியையும் காயத்துக்குள்ள விட்டு குண்டைத் தேடினாங்க. ஒருத்தர் மாத்தி ஒருத்தர். அதுவும் குண்டு இல்லாத பக்கத்துல.

9/ லிஸ்டர் 1867லயே கிருமிநாசினி அறுவை முறையை எழுதிட்டார். 1876ல பிலடெல்பியாவுக்கே வந்து பேசினார். அமெரிக்காவுல பல பெரிய சர்ஜன்கள் நம்பல.

10/ சீழ், காய்ச்சல், எலும்பும் தோலுமா ஆன உடம்பு. செப்டம்பர் 19 இறந்தார். கடைசியில ஒரு ரத்தக்குழாய் வெடிச்சதுன்னு பிரேதப் பரிசோதனை சொன்னுச்சு. ஆனா அதுக்கு முன்னாடியே கிருமி அவரைத் தின்னு முடிச்சிருந்துச்சு. சுட்டவன் கோர்ட்டுல, நான் சுட்டேன், கொன்னது டாக்டர்கள்தான்னு வாதாடினான். தூக்குல போட்டாங்க. அவன் கொலைகாரன்தான். ஆனா அந்த வாதத்தை என்னால சிரிச்சுக் கடக்க முடியல.

11/ ஏன்னா, ஹவுஸ் சர்ஜனா சர்ஜரி வார்டுல இருந்தப்போ ஒரு நாள். நாற்பது டிரஸ்ஸிங், நான் ஒருத்தன். ஆறாம் பெட்ல சீழ் புண். முடிச்சிட்டு அதே கிளவுஸோட ஏழாம் பெட் பிளாஸ்திரியைப் பிரிச்சேன். சிஸ்டர் மெதுவா, "டாக்டர், கை"ன்னாங்க. எனக்குக் கோபம். "தெரியும் சிஸ்டர்"னேன்.

12/ நாலு நாள் கழிச்சு ஏழாம் பெட் தையல்ல சீழ். வேற காரணமாவும் இருக்கலாம். என்னாலதான்னு நிரூபிக்க முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது. கூலி வேலை பார்க்கிற பெரியவர், மூணு வாரம் கூடுதலா படுத்திருந்தார். டிஸ்சார்ஜ் அன்னைக்கு என்னைத் தேடி வந்து கையெடுத்துக் கும்பிட்டார். "நல்லா பாத்துக்கிட்டீங்க சாமி."

13/ நான் அவர்கிட்ட ஒண்ணும் சொல்லல. இன்னைக்குதான் எழுதுறேன்.

14/ கார்ஃபீல்டு பதக்கம் கறுத்தபடியே என் மேஜை டிராயர்ல இருக்கு. தொடறதே இல்ல. டூட்டிக்குப் போறப்போ ஒரு தடவை பார்ப்பேன், அவ்வளவுதான்.

15/ கடைசியா உங்களுக்கு. உங்க வீட்டு நோயாளியைத் தொடுறதுக்கு முன்னாடி, "டாக்டர், கை கழுவிட்டீங்களா?"ன்னு தயங்காம கேளுங்க. மூஞ்சி சுளிச்சாலும் பரவாயில்ல. நானும் ஒரு நாள் சுளிச்சவன்தான்.